வினைக்கொள்கையும் வாழ்க்கை விளையாட்டும்

உயிர்கள் தத்தம் இருவினைக்கு ஈடாக உடலெடுத்து இன்பதுன்பங்களை நுகரும் என்பதும், அறிவற்ற அவ்வினை தானே சென்று செய்தவனைப் பற்றமாட்டாதாகலின் முற்றுணர்வுடைய முதல்வனே அதனைக் கூட்டுவிப்பான் என்பதும் சைவசித்தாந்தத்தின் துணிபாம். இதனை வாயாற் சொல்வார் பலர். சொல்லியவாறே ஒழுகுவார் சிலர். பிறருடைய துன்பத்தின் முன் நின்று இதனை எவ்வாறு சொல்லல் வேண்டுமென எண்ணிப் பார்ப்பாரோ அவரினும் சிலர். யாமும் அவ்வெண்ணத்தை நெடுநாள் மேற்கொண்டோமல்லேம். அண்மையில் இளைஞரொருவர் எழுப்பிய இரண்டு வினாக்கள் எம்மை அதன்கட் செலுத்தின. அவ்வினாக்கள் சாத்திரப் பயிற்சியினின்றும் எழுந்தனவல்ல. கைப்பேசியில் ஆடப்படும் ஒரு விளையாட்டினின்றும் எழுந்தன. ஆயினும் அவை எளிதிற் புறக்கணிக்கத் தக்கன அல்லவாகலின், அவற்றை ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருநாடக எல்லைக்கு அணித்தாக உள்ளது ஓசூர். ஆங்குக் குன்றின்மேற் சந்திரசூடேசுவரர் மரகதாம்பிகையோடு எழுந்தருளியிருக்கின்றார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒருங்கே வழங்கும் ஊர் அது. 1970-களில் அரசினர் தொழிற்பேட்டை அமைத்தபின், உழவே பெருந்தொழிலாயிருந்த சுற்றூர்களினின்றும் ஆலைக்குச் செல்லும் இளைஞர் பெருகினர். அவ்வூர்களுள் ஒன்று தொரப்பள்ளி. இந்தியாவின் தலைமை ஆளுநராக விளங்கிய இராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்த சிற்றூர் அதுவே. அவர் பிறந்த இல்லம் இன்று நினைவில்லமாகக் காக்கப்படுகின்றது. அவ்வூரிலுள்ள சைவ அன்பரொருவர் இல்லத்தில் யாம் ஓரிரவு தங்க நேர்ந்தது. அன்பரின் பெயரர் ஓசூரில் ஓர் ஆலையிற் பணிபுரிபவர். அன்று அவருக்கு விடுமுறை. இரவு உணவுக்குப்பின் திண்ணையிலமர்ந்து கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தார். அஃதென்ன என வினவினேம். மகிழ்ந்து காட்டினார்.

அவ்விளையாட்டின் பெயர் பிட்லைஃப் என்பது. 2018-ஆம் ஆண்டு வெளிவந்தது. திரையில் ஒரு குழந்தை பிறக்கின்றது. அதன் பெற்றோரும், உடல்நலமும், அறிவும், அழகும் எண்களாக அமைந்து வருகின்றன. பொத்தானை ஒருமுறை அழுத்தின் ஓராண்டு கழியும். இடையிடையே வினாக்கள் எழும்: கற்பதோ, களிப்பதோ? மெய் கூறுவதோ, மறைப்பதோ? மணப்பதோ, துறப்பதோ? ஆடுவோன் ஒன்றைத் தேர்வான். தேர்ந்ததற்கேற்ப எண்கள் ஏறியும் இறங்கியும் அவ்வுருவின் எதிர்காலம் அமையும். இறுதியிற் சாவு வரும். பின்னர்ப் புதியதொரு பிறப்பைத் தொடங்கலாம். அன்றிரவு அவர் ஆடிய வாழ்க்கையில், முதிய பெற்றோரைக் கைவிட்டுச் செல்லுமாறு அவ்வுருவை ஏவினார். ஏன் இவ்வாறு செய்தீர் எனக் கேட்டேம். “என்ன நிகழும் என்று பார்க்கத்தான், ஐயா” என்று நகைத்தார். தம் பாட்டனார்க்கு அன்று மாலை கால் பிடித்துவிட்டவரும் அவரே.

பின்னர் அவர் தம் முதல் வினாவை எழுப்பினார். “ஐயா, இதிற் பிறப்பு நம் விருப்பமன்று. பிறந்தபின் தேர்ந்தவற்றிற்குப் பயன் வருகின்றது. இறந்தபின் மறுபிறப்பு உண்டு. தாத்தா சொல்லும் பிராரத்தமும் ஆகாமியமும் மறுபிறப்பும் இவைதாமே? அப்படியானால் இவ்விளையாட்டின் விதிகளை எழுதியவரே இதற்குக் கடவுள். எழுதி முடித்தபின் அவருக்கு இங்கே வேலையில்லை. அவரிடத்து நாம் ஏன் அன்பு செய்ய வேண்டும்?”

யாம் விடை கூறத் தொடங்குமுன் இரண்டாம் வினாவும் வந்தது. அதனைக் கூறும்போது அவர் நகைத்திலர். “என்னோடு ஒரே அறையிலிருந்த நண்பனுக்கு மூன்று மாதத்தின் முன் பொறியிற் சிக்கி வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. பார்க்க வந்த பெரியவரொருவர், எல்லாம் பழவினை என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டில் இப்படி வந்தால், தற்செயல் என்று தள்ளிவிட்டு அடுத்த ஆண்டிற்குப் போவோம். சாத்திரமும் வினையென்று தள்ளிவிட்டுப் போகின்றது. படுத்திருப்பவனுக்கு இரண்டிற்கும் என்ன வேற்றுமை, ஐயா?”

அன்றிரவு யாம் அவருக்குச் சிறிதே கூறினேம். அதன்பின் எண்ணியவற்றை ஈண்டு முறைப்படக் கூறுவாம்.

வாழ்க்கையை விளையாட்டாக வரைந்து காட்டுதல் புதியதன்று. நம் நாட்டிற் பரமபத சோபானப் படம் பண்டுதொட்டே உள்ளது. வைகுண்ட ஏகாதசி இரவிற் கண்விழித்தற்குத் துணையாக அதனை ஆடுவர். நற்குணங்கள் ஏணிகளாகவும் தீக்குணங்கள் பாம்புகளாகவும் அமைந்து, காயை உயர்த்தியும் வீழ்த்தியும் செல்லும். அஃது ஆங்கிலநாடு சென்று சிறுவர் ஆடும் பாம்பும் ஏணியும் ஆயிற்று. அமெரிக்க நாட்டில் மில்டன் பிராட்லி என்பார் 1860-ஆம் ஆண்டு வாழ்க்கை ஆட்டமொன்றை இயற்றினார். சூதாட்டத்தை நினைப்பித்தலின் பகடைக்காயை விலக்கி, எண்ணெழுதிய பம்பரமொன்றை அதற்கு வைத்தார். குழந்தைப்பருவத்திற் றொடங்கி இனிய முதுமையை நோக்கிச் செல்லும் அவ்வாட்டத்தில் வாய்மை உயர்த்தும், சோம்பல் தாழ்த்தும். நூறாண்டு கழித்து, 1960-இல், அந்நிறுவனமே அதனைப் புதுக்கி வெளியிட்டபோது, வெற்றியை அளப்பது அறமன்றிப் பணமாயிற்று. கணினி தோன்றியபின் 1986-இல் உளநூலறிஞரொருவர் இயற்றிய ஆல்டர் ஈகோ என்பதும், 2000-ஆம் ஆண்டில் வில் ரைட் என்பார் இயற்றிய தி சிம்ஸ் என்பதும் வந்தன. 1991-இல் ஓக்லாந்து நகர்ப் பெருந்தீயில் தம் இல்லத்தை இழந்து, வாழ்க்கைக்கு வேண்டும் பொருள்களை ஒவ்வொன்றாக மீண்டும் தேட நேர்ந்த பட்டறிவே அவருக்கு அவ்வெண்ணத்தைத் தந்தது என்பர். அவ்விளையாட்டில் உருவங்கள் தாமே இயங்குதற்குரிய சுயேச்சையை ஆடுவோன் விரும்பியபோது தரவும் நீக்கவும் கூடும் என்பது கருதற்பாலது.

இவற்றுட் பரமபதத்தைப் புதிய விளையாட்டோடு ஒப்பிடுவாம். பரமபதத்தில் ஏணிக்குப் பெயர் நற்குணமாயினும், காய் அக்குணத்தைத் தேர்ந்து எய்துவதில்லை. தாயம் விழுந்தவாறே எய்துகின்றது. ஆகலின், அறத்தைப் போற்றுவதாயினும், ஆடும் முறையில் அது நியதிவாதத்தை ஒக்கும். எல்லாம் முன்னரே வரையறுக்கப்பட்டன. முயற்சியாற் பயனில்லை என்ற ஆசீவகர் கொள்கை அத்தகையது. புதிய விளையாட்டோ தேர்வினையே முதலாக வைக்கின்றது. ஒருமுறை எழுதப்பட்ட விதி, எழுதியவன் அருகில் இல்லாதபோதும், தேர்வுக்குரிய பயனைத் தானே தருகின்றது. இது மீமாஞ்சகர் கூறும் முறை. செய்த கன்மமே அபூருவமாய் நின்று பயன் தரும். பயன் கூட்டுதற்குக் கடவுள் வேண்டா என்பர் அவர். எனவே, சித்தாந்தமும் இதுதானே என்ற இளைஞர், தாம் அறியாமலே மீமாஞ்சகர் பக்கம் நின்று வினாவினார். அதற்கு மறுப்பு நம் ஆசிரியர்கள் முன்னரே கூறியுள்ளனர்.

சித்தாந்தம் இவ்விரண்டற்கும் இடைப்பட்டது. பிராரத்தம் உடலையும், இடத்தையும், நுகர்ச்சியையும் தரும். அந்நுகர்ச்சியை எவ்வாறு ஏற்பது, அதனிடையே என்ன செய்வது என்பதில் உயிரின் இச்சையும் அறிவும் செயலும் தொழிற்படும். ஆண்டே ஆகாமியம் ஏறும். ஓர் எடுத்துக்காட்டுத் தருவாம். தொரப்பள்ளி முன்சீப்பின் மகனாகப் பிறத்தலை இராஜாஜி தேர்ந்துகொண்டாரல்லர். ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் கற்றதும், 1900-இற் சேலத்தில் வழக்குரைஞரானதும், பின் அவ்வருவாயை விடுத்து நாட்டுப்பணி புகுந்ததும் இயைந்தும் முயன்றும் வந்தன. 1937-இற் சென்னை மாகாண முதல்வரான அவர் 1939-இல் அப்பதவியைத் துறந்தார். 1942-இற் காங்கிரசையும் விட்டு வெளியேறினார். விளையாட்டின் எண்கொண்டு கணக்கிடுவார், அவர் பொதுவாழ்வு அன்றே முடிந்ததென்பர். 1948-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர் தலைமை ஆளுநரானார். அவருடைய தேர்வுகள் சரியோ தவறோ என்பது ஈண்டு ஆராய்ச்சியன்று. தேர்வு தேர்ந்தவனுடையது, பயன் வரும் காலமும் வழியும் அவன் கையிலுள்ளன அல்ல என்பதே காட்டக் கருதியது.

இனி, விளையாட்டும் வாழ்க்கையும் வேறுபடும் இடங்களை நோக்குவாம்.

முதலாவது, வினையை அளக்கும் முறை. விளையாட்டு புறச்செயலையே எண்ணும். பெற்றோரைக் கைவிட்டால் இத்துணைக் குறைவு, ஈந்தால் இத்துணை மிகுதி என அதன் கணக்கு முடியும். நம் சாத்திரம் செயலின் அகத்தே நின்ற கருத்தை நோக்கும். தக்கன் செய்தது வேள்வி, புறத்தே நல்வினை. சிவனை இகழ்ந்து செய்தமையால் அது தீவினையாய் முடிந்தது. சண்டேசுர நாயனார் செய்தது தந்தையின் தாளைத் தடிதல், புறத்தே பாதகம். சிவபூசைக்கு நேர்ந்த இடையூற்றை நீக்கும் அன்பினாற் செய்தமையால் அது பேறாயிற்று. இவ்விரண்டையும் சிவஞானசித்தியார் இயைத்துக் காட்டுதல் கற்றோர் அறிந்ததே. எண்ணிற்கு இவ்வேற்றுமை புலனாகாது. கருத்தையறிந்து பயன் கூட்டுதற்கு அறிவுடைய ஒருவன் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, விதியை வகுத்தோனது நிலை. விளையாட்டை இயற்றியோன் இவ்வுருவங்கள் உய்தல் வேண்டுமென எண்ணி இயற்றினானல்லன். ஆடுவோர் மகிழவும், தனக்குப் பொருள் வரவும் இயற்றினான். பிட்லைஃபில் உருவின் இயல்புகளை விரும்பியவாறே மாற்றும் உரிமைக்குக் ‘கடவுள் முறை’ எனப் பெயரிட்டு அதனை விலைக்கு விற்கின்றனர். இறைவன் ஐந்தொழிலையும் விளையாட்டென்று கூறும் வழக்கு நம்மிடத்தும் உண்டு. அது செய்தற்கு எளிதென்பதைக் குறித்ததேயன்றி, பொழுதுபோக்கென்பதைக் குறித்ததன்று. உயிரைப் பற்றிய மலம் நீங்குதற்பொருட்டே அவன் தனு கரண புவன போகங்களைத் தருகின்றான். நோயாளியின் நோய் நீங்கக் கருதிக் கைப்பு மருந்தும் ஊட்டும் மருத்துவனை அவ்விடத்து நினைக்க. அன்பு செய்தற்குரிய காரணம் விதி எழுதினான் என்பதன்று. உயிரைவிட்டு ஒருபோதும் நீங்காது உடனின்று உதவுகின்றான் என்பதேயாம். முதல் வினாவிற்கு இது விடை.

மூன்றாவதே தலையாயது. விளையாட்டில் தேர்வோன் ஒருவன். நுகரும் உரு மற்றொன்று. சிறைக்குச் செல்வது உரு. தேர்ந்தவன் திண்ணையில் இருக்கின்றான். முதுமையிற் றனித்துக் கிடப்பது உரு. தேர்ந்தவன் அடுத்த பிறப்பைத் தொடங்குகின்றான். அவ்வுருவிற்கு உணர்வின்மையால் அதனாற் குற்றமின்று. ஆனால் வாழ்க்கையிற் செய்தவனே நுகர்வான். இவ்விருவரையும் பிரித்தல் எவர்க்கும் இயலாது. மறுபிறப்பிலும் இவ்வேற்றுமை நிற்கின்றது. அங்கே மீண்டும் தொடங்குவோனுக்கு நினைவு எஞ்சும், வினை எஞ்சாது. இங்கே வினை எஞ்சும், நினைவு எஞ்சாது. ஆகலின், ‘என்ன நிகழும் என்று பார்ப்போம்’ என்று செய்யத்தக்க செயல் இவ்வுலகில் ஒன்றேனும் இல்லை.

ஈண்டு ஒரு தடை நிகழும். உருவின் இன்பதுன்பங்களை ஒன்றுபோல நோக்கும் ஆட்டக்காரன் இருவினையொப்பு எய்தியவன் ஆவானோ எனின், ஆகான். இருவினையொப்பாவது தனக்கு வரும் இன்பதுன்பங்களிலும் அவற்றிற்கு ஏதுவான வினைகளிலும் விருப்பு வெறுப்பின்றி நிற்றல். பிறர் துன்பத்தில் உள்ளம் அசையாதிருத்தல் இருவினையொப்பன்று, வன்கண்மை. இவ்விரண்டும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றும். அத்தோற்றமே எம்மனோரைப் பலகாலும் மயக்குகின்றது.

மற்றொரு தடை: திரையிற் பெற்றோரைக் கைவிடுதல் மனத்தால் செய்த தீவினையாகாதோ? நாடகத்திற் கொடியோன் வேடம் புனைந்தோன் கொடியோன் ஆகாதவாறு போல, அதுமட்டிற் பாவமெனக் கூறேம். ஆயின் பயின்றது படியும். மனிதரை எண்களாகக் கண்டு பழகிய கண், திரையினின்றும் நீங்கியபின்னும் அவ்வாறே காணுமாயின், ஆண்டுக் குற்றம் பிறக்கும். அதனை ஆராய வேண்டுபவர் அவ்விளைஞர் மட்டும் அல்லர். ஏனெனில், அவ்வாறு காணும் கண்ணுக்குக் கைப்பேசி வேண்டுவதில்லை; சாத்திரமே கையிலிருந்தும் அது வருதல் கூடும். இரண்டாம் வினா எம்மைச் சுட்டது இவ்விடத்தேயாம்.

எம் குற்றமொன்றை ஈண்டு மறைத்தல் தகாது. பல ஆண்டுகட்கு முன் இளமகனை இழந்த தாயொருவரின் இல்லத்திற்கு யாம் சென்றேம். அவர் அழுதுகொண்டிருந்தார். யாம் பிராரத்தம் இன்னதென விரித்துரைத்தேம். அவர் அழுகையை நிறுத்திவிட்டு எம்மை நோக்கியிருந்தார். அம்மௌனத்தைத் தெளிவென்று கொண்டு மகிழ்ந்து மீண்டேம். தொரப்பள்ளியில் அவ்விளைஞர் வினாவிய இரவிலேதான், அது தெளிவன்று, பேச இடமில்லாமையால் வந்த அடக்கம் என்று உணர்ந்தேம். தன் மகன் சாவுக்குத் தன் வினையோ அவன் வினையோ காரணமென எண்ணி அவர் கழித்திருக்கக்கூடிய இரவுகளை யாம் அன்று எண்ணினேமல்லேம். அவர் இன்று இல்லை.

வினைக்கொள்கை யாருக்கு, எதன்பொருட்டுக் கூறப்பட்டது? தனக்கு வந்த துன்பத்தில் ஒருவன் பிறரை வெறாதிருத்தற்கும், இனிச் செய்யும் செயலில் விழிப்பாயிருத்தற்கும் கூறப்பட்டது. அதனைத் தன்னை நோக்கிச் சொல்லுங்கால் அது ஞானம். பிறனை நோக்கி, அவன் துன்பத்தினின்றும் தான் விலகிப்போதற்குச் சொல்லுங்கால், அதே சொல் வேறு பொருளதாகின்றது. ஒருவன் பழவினை இன்னதென அறிதல் முற்றுணர்வுடையோற்கே கூடும். அதனை அறியாத யாம், ‘இது நின் வினை’ எனச் சுட்டுதல் எம்மறிவிற்கு எட்டாததை அறிந்ததுபோலக் கூறுதலேயாம்.

மேலும், ஒருவனுக்கு வரும் துன்பம் அவன் பிராரத்தமே ஆயினும், அது வருதற்கு வாயிலாய் நின்றவனது ஆகாமியம் அதனால் நீங்கிவிடாது. வினைப்பயன் தெய்வத்தாலும், தன்னாலும் பிற உயிர்களாலும், உயிரற்ற பொருள்களாலும் வருமென மூவகையாகப் பகுத்து ஓதியவர், வாயிலாயினோரைக் குற்றமற்றவர் என்று கூறிற்றிலர். இயங்கும் பொறிகளுக்கு உறுதியான காப்பு இடுதல் வேண்டுமென 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. தொரப்பள்ளியிற் பிறந்தவர் தலைமை ஆளுநராயிருந்த அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் நிறைவேறிய சட்டம் அது. விரல் போனது பழவினை என்று கொள்ளினும், காப்பின்றிப் பொறியை ஓடவிட்டது இன்றைய வினை. அதனைக் கண்டும் பேசாதிருத்தலும் இன்றைய வினை. பார்க்கச் சென்றவன் பழவினை என்று சொல்லித் திரும்புதலும் இன்றைய வினையே. விளையாட்டில் உருவுக்கு நேர்வது தற்செயல் எனப்படும். அதற்குப் பின் ஆடுவோன் செய்யக் கடவது ஒன்றும் இல்லை. வினைக்கொள்கையிலோ, ஒருவன் துன்பத்தின் முன் நிற்பவன் அந்நொடியே தன் வினையைத் தொடங்கிவிடுகின்றான். படுத்திருப்பவனுக்கு இரண்டிற்கும் வேற்றுமை என்னவென்றால், எதிரே நிற்பவன் அடுத்துச் செய்வதே அவ்வேற்றுமை. அவன் ஒன்றும் செய்யானாயின் வேற்றுமை ஒன்றும் இல்லை. இளைஞர் கூறியது அம்மட்டில் உண்மையே. அதனை ஒப்புக்கொள்ளல் எமக்குக் கடன்.

மறுநாட் காலையில் அவரோடு ஓசூர் சென்று அந்நண்பரைக் கண்டேம். அறையில் நான்கு கட்டில்கள். மூவர் பணிக்குச் சென்றிருந்தனர். அவர் எழுந்து, “வாங்க ஐயா” என்று இடம் தந்தார். சாத்திரம் ஒன்றும் பேசிற்றிலேம். இ.எஸ்.ஐ. உதவி பெறுதற்குரிய தாள்கள் முடியாமற் கிடந்தன. ஆலையார் தரவேண்டிய விபத்தறிக்கையை விரைந்து தருமாறு கேட்கும் விண்ணப்பம் ஒன்றை எழுதித்தர இயலுமோ என்றார். எழுதினேம். கட்டிலிலிருந்த தட்டின்மேல் வைத்து யாம் தாளைப் பிடித்துக்கொள்ள, அவர் இடக்கையால் மெல்லக் கையொப்பமிட்டார். எழுத்துச் சிறிது கோணிற்று. “பழகிவிடும், ஐயா” என்றார்.

இளைஞர் அவ்விளையாட்டை விட்டாரோ, இன்னும் ஆடுகின்றாரோ என யாம் கேட்டிலேம். அந்த விண்ணப்பத்தைத் தாமே நேரிற் கொண்டுபோய்க் கொடுப்பதாகக் கூறி வாங்கிக்கொண்டார்.

திருச்சிற்றம்பலம்.